பெட்டியில் பாதியைக் காலியாகக் கொண்டு வாருங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரிய வேண்டுமே. நீங்களும் வீட்டுக்காரரும் நியூஜெர்சியில் இருக்கிறீர்கள், சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மதுரை மாவட்டத்தில் ஒரு குழந்தைகள் ஹோமில் இருக்கும் அக்கா தம்பி இருவரையும் சேர்த்துத் தத்து எடுக்கிறீர்கள். அவளுக்கு 5 வயது, அவனுக்கு 3. பிள்ளைகளை ஏற்றுக் கையெழுத்துப் போட்டாயிற்று, டெல்லியில் இருக்கிற மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் (காரா) தடையில்லாச் சான்றும் வந்துவிட்டது, கலெக்டர் போட வேண்டிய தத்து உத்தரவு மட்டும் பாக்கி. டிசம்பரில் மூன்று வாரம் லீவு போட்டு முதல் தடவையாகப் பிள்ளைகளைப் பார்க்க வருகிறீர்கள், உத்தரவு வந்தபின் இன்னொரு தடவை வந்து அழைத்துப் போவீர்கள். ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி இருக்கிறது, என்னென்ன போடலாம், ஒரு லிஸ்ட் கொடுங்கள் அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லிஸ்ட் கொடுத்தால் நீங்கள் கடைக்குத்தான் ஓடுவீர்கள். அதனால் முதலில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன்.

2013-இல் நாங்கள் எங்கள் மகளை வேறு மாவட்டத்து ஹோம் ஒன்றிலிருந்து எடுத்தோம். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. போவதற்கு முந்தின வாரம் மதுரை விளக்குத்தூண் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி, ஜிகினா வைத்து உள்ளே வலைத்துணி விறைத்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி ஒரு கவுன் வாங்கினேன். மிதித்தால் லைட் எரிகிற ஷூ ஒன்று. பிள்ளையைக் கையில் கொடுத்ததும் அங்கேயே மாற்றிவிட்டுக் காரில் ஏறினோம். பத்து கிலோமீட்டர் தாண்டவில்லை, கவுனின் உள்தையல் இடுப்பில் உரசி உரசித் தோல் சிவந்துவிட்டது, அழுகை. காலைக் கீழே வைத்தால் ஷூவில் லைட் எரிகிறது, அதைப் பார்த்துப் பயந்து காலை உதறுகிறாள், உதறினால் இன்னும் எரிகிறது. கிளம்பும்போது ஆயாம்மா ஒருத்தர் கடைசி நிமிடத்தில் என் பையில் ஒரு பழைய பனியனைத் திணித்துவிட்டிருந்தார். யார் யாரோ போட்டுக் கழித்த, வெளுத்துப்போன மஞ்சள் பனியன். வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி அதை மாட்டிவிட்ட பிறகுதான் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் அந்தப் பனியனைச் சோப்புத்தூளில் ஊறவைத்து, கும்மிக் கசக்கி, மொட்டை மாடியில் காயப்போட்டேன். சுத்தமாக இருக்கட்டும் என்று. ராத்திரி அதைக் கொடுத்தால் மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள், கீழே போட்டுவிட்டாள். அப்புறம் அதைத் தொடவே இல்லை. அந்த வாசம்தான் அவள் அந்த ஹோமிலிருந்து கொண்டு வந்த ஒரே சொத்து, அதை நான் வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து இங்கே வந்த ஏழெட்டுக் குடும்பங்களோடு கூடவே அலைந்திருக்கிறேன். ஒவ்வொருவரும் பிதுங்கப் பிதுங்கப் பெட்டி கொண்டு வருவார்கள். அதில் முக்கால்வாசி உசிலம்பட்டியிலேயே கிடைக்கும், மீதியில் பாதி உதவாது. பிள்ளைக்கு நாம் என்ன கொண்டு வருகிறோம் என்பதைவிடப் பிள்ளை என்ன கொண்டு போகப் போகிறது என்று யோசித்துப் பெட்டி கட்டுங்கள். அதனால்தான் பாதியைக் காலியாக விடச் சொல்கிறேன்.

முதலில் கைப்பை, ஏனென்றால் கை விட்டுப் போகக் கூடாதது அதுதான். காகிதங்களை ஒருபோதும் செக்கின் பெட்டியில் போடாதீர்கள். பாஸ்போர்ட், திருமணச் சான்று, குடும்ப ஆய்வறிக்கை, நீங்கள் கையெழுத்துப் போட்ட குழந்தை ஆய்வறிக்கையும் மருத்துவ அறிக்கையும், தடையில்லாச் சான்று, அமெரிக்கக் குடிவரவுத் துறையின் ஒப்புதல் கடிதம், எல்லாம் அசல் ஒரு கோப்பு, நகல் மூன்று செட் தனியாக. மெயிலிலும் ஒரு செட் ஏற்றிவிடுங்கள். நகலை அங்கே எடுக்க வேண்டாம். அமெரிக்கத் தாள் நம்மூர் ஏ4-ஐவிட அகலம் கொஞ்சம் கூடுதல், நீளம் குறைச்சல். ஒரு கோப்பில் கட்டும்போது ஓரம் நீட்டிக்கொண்டு நிற்கும், கிளார்க் அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் அண்ணா பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்? ஆளுக்கு 20 பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அது போக அமெரிக்க விசா அளவான 2 இஞ்சுக்கு 2 இஞ்ச் நாலு. பேனா, கோந்து, ஸ்டேப்ளர். சிரிக்காதீர்கள், ஒரு ஸ்டேப்ளர் பின் இல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்த நாள் எனக்கு உண்டு.

காகிதத்தோடு சேர்ந்தது பெயர். நம் ஆட்களுக்குத் தலைவலியே இதில்தான். உங்கள் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், உங்கள் சான்றிதழில் இனிஷியல் முன்னால் நிற்கும், ஹோம் ரிக்கார்டில் பிள்ளைக்கு வெறும் ஒரு பெயர் இருக்கும். கலெக்டர் உத்தரவில் எந்த எழுத்தில் பெயர் ஏறுகிறதோ அதுதான் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், விசா என்று வரிசையாகப் போகும். ஒரு 'எச்' கூடினாலும் குறைந்தாலும் திரும்ப முதலிலிருந்து அலைச்சல். பிள்ளைகளின் பெயர், குடும்பப் பெயர், உங்கள் இருவர் பெயர், நாலையும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் டைப் அடித்துக் கொண்டு வாருங்கள், போகிற இடத்திலெல்லாம் அதை நீட்டுங்கள். பிள்ளைகளின் இப்போதைய பெயரை மாற்ற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 5 வயதுப் பிள்ளைக்கு அவள் பெயர் அவளுடையது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் இருக்கிற பெயரை முன்னால் வைத்து இன்னொன்றைப் பின்னால் சேருங்கள்.

அடுத்து, ஹோமுக்கு என்ன வாங்கி வர? ஒன்றும் வேண்டாம். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும், 30 பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு வெறுங்கையோடு போவதா என்று. ஆனால் தத்துக்காக ஹோம் பணமாகவோ பொருளாகவோ நன்கொடை வாங்கக் கூடாது என்பது விதி. உத்தரவு வராத நேரத்தில் நீங்கள் ஒரு பெட்டி நிறையச் சாக்லேட்டும் டேப்லட்டும் கொண்டு போய் இறக்கினால், அதை வாங்கினாலும் அவர்களுக்குச் சிக்கல், வாங்காவிட்டாலும் சங்கடம். சட்டப்படியான கட்டணம் எதுவோ அதைக் கணக்கு வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள், கையில் யாரிடமும் எதுவும் கொடுக்க வேண்டாம். எல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பிள்ளைகள் பெயரில் ஒரு நாள் சாப்பாடு போடுங்கள், அப்போது யாரும் கேட்கப் போவதில்லை.

பிள்ளைகளோடு விளையாட ஒன்று வேண்டுமே என்றால், ஊதினால் சோப்புக் குமிழி வருகிற பாட்டில் இரண்டு, இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஒருத்தர் ஊதினால் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து துரத்தும், யாருக்கும் சொந்தமில்லை, சண்டை இல்லை, உங்கள் மகன் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் நின்றாலும் ஒரு குமிழி அவனிடம் போய்ச் சேரும். இரண்டு பேருக்குமென்று தனியாக ஏதாவது வாங்கினால் ஒரே மாதிரி, ஒரே நிறத்தில் இரண்டு. அவளுக்கு ரோஸ் அவனுக்கு நீலம் என்று ரசித்து வாங்கினீர்களோ, இரண்டு பேரும் ரோஸுக்கே அடித்துக்கொள்வார்கள்.

துணி: அமெரிக்காவிலிருந்து ஒரு உருப்படிகூட வேண்டாம். முதல் காரணம் அளவு. ஹோம் பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்குச் சின்னதாக இருப்பார்கள். 5 வயது என்று எழுதியிருந்தாலும் 3 வயதுத் துணிதான் சரியாக இருக்கும், சில நேரம் அதுவும் தொளதொளக்கும். இரண்டாவது, அங்கத்திய துணியில் பாதி நம்மூர் வெயிலுக்கு ஆகாத பாலியஸ்டர். இங்கே வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, கை வைக்காத பருத்திச் சட்டை, நாடா வைத்த டவுசர் என்று நாலு நாலு வாங்குங்கள். மீனாட்சி கோயில் புதுமண்டபத்துத் தையற்காரர்களை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. காலையில் அளவு கொடுத்தால் சாயங்காலம் கவுன் ரெடி, உள்தையலை வெளியே வைத்துத் தைக்கச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை, தைத்துத் தருவார்கள்.

செருப்புக்கு மட்டும் இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். ஹோமில் சொல்லி, பிள்ளைகளின் இரண்டு பாதத்தையும் வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. ஷூ வேண்டாம், முதலில் பின்வார் வைத்த செருப்பு போதும். வெறுங்காலோடு ஓடியே வளர்ந்த பாதம் அகலமாக விரிந்திருக்கும், அமெரிக்க ஷூவுக்குள் போகாது.

பெட்டியில் நிஜமாகவே இடம் கொடுக்க வேண்டிய பொருள் ஒரு ஆல்பம். போனில் காட்டுகிற போட்டோ இல்லை, கையில் பிடித்துப் புரட்டுகிற ஆல்பம், இரண்டு பிரதி, பிள்ளைக்கு ஒன்று. பத்துப் பன்னிரண்டு பக்கம், ஒவ்வொன்றும் லேமினேட் செய்து ஸ்பைரல் போட்டது, கடித்தாலும் கிழியாது. கல்யாண போட்டோவைப் போடாதீர்கள், பட்டும் நகையும் மாலையுமாக இருக்கிற அந்த முகத்துக்கும் விமானம் ஏறி வந்து நிற்கப்போகிற உங்களுக்கும் சம்பந்தமே இருக்காது. கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியோடு, வீட்டு உடையில், சிரித்த முகமாக. அப்புறம் வீட்டு வாசல், சமையலறை, இரண்டு பேரும் படுக்கப்போகிற இடம், கக்கூஸ் (ஆமாம், மேலைநாட்டுக் கக்கூஸ் எப்படி இருக்கும் என்று பிள்ளை முன்னாலேயே பார்த்துக்கொள்ளட்டும்), பனி விழுந்த தெரு, நாய் இருந்தால் நாய். ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழே ஒரு வரி தமிழில் எழுதுங்கள், ஆயாம்மா படித்துக் காட்டுவதற்கு. 'இது அம்மா. அம்மா காலையில் காபி குடிப்பாள்.' அவ்வளவு போதும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே, ஹோமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் சரி என்றால், ஒரு பிரதியைக் கூரியரில் அனுப்பிவிடுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் அப்படி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வாசலில் கால் வைத்ததும் அந்தப் பையன் முதலில் கேட்டது 'நாய் எங்கே?'

அதற்கு நேர்மாறாக ஒன்று. பிள்ளைகளோடு நீங்கள் எடுக்கிற போட்டோ எதையும் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில்கூடப் போடாதீர்கள். சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு, பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும், உசிலம்பட்டியில் ஒரு போட்டோ குரூப்பில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் தேனி வரை போய்விடும்.

மருந்து விஷயத்தில் அமெரிக்காவிலிருந்து மூட்டை கட்டி வருவது ஆபத்துகூட. ஒரு உதாரணம்: காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் சிரப் அங்கே 5 மில்லிக்கு 160 மில்லிகிராம். இங்கே 5 மில்லிக்கு 120 அல்லது 125 ஒன்று, 250 இன்னொன்று, அட்டைப்பெட்டி இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மில்லிகிராம் என்று கணக்கு வைத்தால், 250 பாட்டிலில் 5 மில்லி ஊற்றினால் என்ன ஆகும் பாருங்கள். ராத்திரி 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இரண்டு நாட்டு பாட்டிலை வைத்துக்கொண்டு குழம்புவானேன்? இங்கே ஒரு குழந்தை டாக்டரைப் பார்த்து, பிள்ளையின் எடையைப் போட்டு, எந்த பாட்டில் எத்தனை மில்லி என்று எழுதி வாங்கி, அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ்., கொசுவுக்குத் தடவுகிற க்ரீம் எல்லாம் தெருமுனை மெடிக்கலில் கிடைக்கும். டிசம்பர் மழை முடிகிற நேரம், டெங்குக் கொசு இருக்கும், உங்கள் இருவருக்கும்கூடத் தடவிக்கொள்ளுங்கள். உங்களுடைய சொந்த மருந்துகளை மட்டும் சீட்டோடு எடுத்து வாருங்கள்.

பேனும் சிரங்கும் பற்றி யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். பத்திருபது பிள்ளைகள் ஒன்றாகப் படுத்து எழுந்திருக்கிற எந்த இடத்திலும் இரண்டும் வரும், அது ஹோமின் குற்றமில்லை. நல்ல நெருக்கமான பேன்சீப்பு ஒன்று பெட்டியில் போடுங்கள். பிள்ளை விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் ராத்திரி சொறிந்தால் சிரங்கு என்று சந்தேகப்படலாம். டாக்டர் பெர்மெத்ரின் க்ரீம் எழுதிக்கொடுத்தால் பிள்ளைக்கு மட்டும் தடவாதீர்கள், வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே ராத்திரியில் தடவ வேண்டும், இல்லாவிட்டால் அது சுற்றிச் சுற்றி வரும்.

மின்சாதனம் எதுவும் வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பால் பாட்டில் சூடாக்குகிற மிஷினைச் சொருகிப் புகை வந்த கதை எல்லாம் கேட்டாயிற்று. நிஜமாகத் தேவைப்படுவது ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, பத்திருபது ரூபாய்க்கு இங்கேயே கிடைக்கும். பிள்ளைகள் இத்தனை நாளும் வரிசையாகப் பாய் போட்டு, விளக்கு லேசாக எரிய, பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்கத் தூங்கினவர்கள். ஓட்டலில் ஏ.சி.யைப் போட்டு, லைட்டை அணைத்து, ஆளுக்கொரு மெத்தையில் படுக்க வைத்தால் பயப்படாமல் என்ன செய்யும்? கோரைப்பாய் ஒன்று வாங்கித் தரையில் விரித்து, அக்காவும் தம்பியும் ஒட்டிப் படுக்க, நீங்கள் ஒரு ஓரத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பெட்டியை விட்டுவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். தடையில்லாச் சான்று வந்துவிட்டால், உத்தரவு வரும்வரை இந்தியாவுக்குள்ளேயே பிள்ளைகளைத் தற்காலிகப் பராமரிப்பில் உங்களோடு வைத்துக்கொள்ள விதியில் இடமுண்டு, உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு. அம்மா வீட்டில் மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்கு ஆசை இருக்கும். தயவுசெய்து அரைகுறையாகச் செய்யாதீர்கள். மூன்று வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, லீவு முடிந்தது என்று திரும்ப ஹோமில் கொண்டுபோய் விட்டால், அந்த 5 வயதுக்காரி அதை எப்படி எடுத்துக்கொள்வாள்? ஏற்கெனவே ஒரு தடவை விடப்பட்ட பிள்ளை. உங்களில் ஒருவராவது உத்தரவு வரும்வரை இங்கேயே தங்க முடியும் என்றால் அழைத்துப் போங்கள். மனு போட்டதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் கலெக்டர் முடிக்க வேண்டும் என்பது சட்டம், அதை வைத்து லீவைக் கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் ஹோமுக்கே தினமும் போய்ப் பார்த்து, அவர்களோடு சாப்பிட்டு, விளையாடி, இருட்டுவதற்குள் சொல்லிக்கொண்டு வந்துவிடுங்கள். எங்கள் காலத்தில் கோர்ட் உத்தரவுதான், மாதக்கணக்கில் இழுக்கும். 2022 செப்டம்பர் 1-இலிருந்துதான் அந்த அதிகாரம் கலெக்டருக்கு வந்தது.

கிளம்புகிற நாளில் 'நாளைக்கு வர்றேன்' என்று பொய் சொல்ல வேண்டாம். தேதியும் சொல்ல வேண்டாம், தேதி தள்ளிப்போகும். 'பேப்பர் வந்ததும் அம்மாவும் அப்பாவும் ஏரோப்ளேனில் வருவோம்' என்பதே போதும். அப்போது விட்டுவிட்டு வர ஏதாவது வேண்டும், அதைத்தான் இந்த முதல் பயணத்தில் கொண்டு வர வேண்டும்: நீங்கள் இருவரும் ஒரு வாரம் உடுத்தின, துவைக்காத, மெல்லிசான ஒரு புடவைத் துண்டும் ஒரு பனியனும். தலையணைக்குள் வைத்துக்கொள்ளட்டும். என் மகளிடமிருந்து கற்ற பாடம் இது, உல்ட்டாவாகச் செய்கிறோம்.

சொந்தக்காரர்கள். உங்கள் ஊரை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். ஏர்போர்ட்டுக்கு நாற்பது பேர் வேனில் வருவார்கள், அத்தைக்கு தைலம், மாமாவுக்கு சென்ட் பாட்டில், சித்தி மகளுக்கு பாதாம் என்று ஏற்கெனவே லிஸ்ட் வந்திருக்கும். இந்தத் தடவை ஒன்றும் கிடையாது என்று இப்போதே போனில் சொல்லிவிடுங்கள், அதிலேயே ஒரு பெட்டி மிச்சம். அப்புறம் குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுக் காது குத்திக் கிடா வெட்ட வேண்டும் என்று உங்கள் மாமியார் கட்டாயம் ஆரம்பிப்பார். மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது நல்ல விஷயம்தான், நானே மூன்று வருடம் கழித்துச் செய்தேன். ஆனால் பார்த்து மூன்று நாளான ஆள் மடியில் உட்கார வைத்து ஊசியால் குத்தினால் பிள்ளை உங்களை எப்படி நம்பும்? பெரியவர்களிடம் இதைச் சொன்னால் எடுபடாது, ஆகவே காரணத்தை மாற்றிச் சொல்லுங்கள்: பாஸ்போர்ட் போட்டோவில் முடி இருக்கிறது, மொட்டை போட்டால் விசாவில் ஆளைத் தெரியாது. இந்த ஒரு காரணத்தில் இரண்டு கிடாவைக் காப்பாற்றியிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் நம் மதுரை, தேனிப் பக்கமெல்லாம் வந்தது, அதிலிருந்து தத்துப் பிள்ளை என்றாலே 'தொட்டில் பிள்ளையா?' என்று கேட்பது ஒரு பழக்கமாகிவிட்டது. கேட்பவருக்கு அதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் 5 வயதுப் பிள்ளைக்குக் காது கேட்கும். வீட்டுப் பெரிய மனுஷி ஒருத்தரைப் பிடித்து, பிள்ளை முன்னால் யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், நீங்கள் சொன்னால் அமெரிக்காக்காரிக்குத் திமிர் என்பார்கள்.

இனி இரண்டாவது பயணம், அதாவது காலிப் பெட்டி. உத்தரவு கையில் கிடைத்ததும் பாஸ்போர்ட் வேலை. மதுரையில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மண்டலப் பாஸ்போர்ட் ஆபீஸே இருப்பது ஒரு வசதி, விண்ணப்பம் வந்த 10 நாளில் தத்துப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும் என்று விதிமுறை இருக்கிறது. தம்பிக்கு 4 வயது ஆகாததால் அவனுக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் போட்டோ கையோடு கொண்டுபோக வேண்டும், அக்காவை அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவுக்கான தத்து விசா டெல்லித் தூதரகத்தில். குளிர்காலத்தில் போக நேர்ந்தால் ஸ்வெட்டர், குல்லாய், காலுறை கட்டாயம். மதுரைப் பிள்ளைக்கு டெல்லி ஜனவரி என்பது ஐஸ் பெட்டிக்குள் உட்காருவது மாதிரி. அங்கே மெடிக்கல் உண்டு, 2 வயதுக்கு மேல் காசநோய்க்கு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள், அதனால் ஹோமிலிருந்து தடுப்பூசி அட்டையின் அசலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளையை விட்டாலும் அதை விட வேண்டாம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வேன்.

ஹோமிலிருந்து கேட்டு வாங்க வேண்டியது அது மட்டுமில்லை. ஆயாம்மாவிடம் தனியாக உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பாடு, பாலில் எவ்வளவு சர்க்கரை, என்ன சொல்லித் தூங்க வைப்பார், ராத்திரி ஒன்றுக்குப் போக எழுப்ப வேண்டுமா, அழுதால் எதைக் காட்டினால் நிற்கும். அவர் சம்மதித்தால் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள், தாலாட்டாக இருக்க வேண்டியதில்லை, 'ஏய் தங்கம், சாப்பிட வா' என்று கூப்பிடுகிற சத்தம் போதும். ஹோம் வாசல், சாப்பிடுகிற இடம், ஆடின மரம், படுத்த மூலை, எல்லாம் போட்டோ எடுங்கள், மற்றப் பிள்ளைகள் முகம் விழாமல். பத்து வருடம் கழித்து அவள் கேட்பாள், என் மகள் கேட்டாள், எங்களிடம் ஒரே ஒரு மங்கலான போட்டோதான் இருந்தது. இருவரும் போட்டுக் கழித்த சட்டை ஆளுக்கு ஒன்று, சாப்பிட்ட தட்டைக் கொடுத்தால் தட்டு, இதையெல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். துவைக்காதீர்கள்!

அப்புறம் சோப்பு. அங்கே என்ன சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள், தலைக்கு என்ன எண்ணெய் என்று கேளுங்கள். ஹமாமோ லைஃப்பாயோ, அதே சோப்பில் ஒரு டஜன் வாங்கிப் பெட்டியில் போடுங்கள். காலியாகக் கொண்டு வரச் சொன்ன பாதிப் பெட்டி இப்படித்தான் நிறையும்: சோப்பு, தேங்காய் எண்ணெய், கோரைப்பாய் (சுருட்டினால் குறுக்காக நிற்கும், இரண்டாக மடக்கலாம்), பழைய துணி, இட்லிப் பொடி. முதல் ஆறு மாதம் நியூஜெர்சி வீட்டுக் குளியலறையில் அந்த வாசம் வந்தால் போதும், மற்றதெல்லாம் மெதுவாக மாறிக்கொள்ளும்.

விமானத்துக்கு: தம்பி பகலில் சொல்லிவிட்டுப் போகிற பிள்ளையாக இருந்தாலும் டயப்பர் போடுங்கள், விமானக் கக்கூஸில் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தத்துக்குப் பெரியவர்களே திடுக்கிடுவார்கள். பிள்ளைகளுக்கு மூன்று செட், உங்களுக்கு ஒரு செட் மாற்றுத்துணி கைப்பையில், வாந்தி எடுத்தால் அது உங்கள் மடியில்தான். தூங்க வைக்க மருந்து எதுவும் வேண்டாம். ஆளுக்கொரு சின்ன எவர்சில்வர் டப்பா, அதில் பொரியோ ரஸ்க்கோ, எப்போதும் நிறைந்திருக்கட்டும், அவர்கள் கையிலேயே இருக்கட்டும். அக்கா அதைச் சாப்பிடாமல் தம்பிக்கென்று பாவாடைக்குள் ஒளித்து வைப்பாள், தலையணைக்கடியிலும் வைப்பாள், கண்டுகொள்ளாதீர்கள், திட்டாதீர்கள், டப்பாவை நிரப்பிக்கொண்டே இருங்கள். உத்தரவு, ஒத்திசைவுச் சான்று (வெளிநாட்டுத் தத்து விதிப்படி நடந்தது என்று அதே டெல்லி ஆணையம் கொடுப்பது), இரண்டும் எட்டுகிற இடத்தில், பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்று எங்காவது கேட்பார்கள். தூதரகத்தில் ஒட்டின உறை ஏதாவது கொடுத்தால் பிரித்துப் பார்க்காமல் அப்படியே அமெரிக்கக் கவுண்டரில் கொடுங்கள். நியூவார்க்கில் அழைக்க வருகிற நண்பரிடம் இரண்டு கார் சீட்டையும் மாட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், பெல்ட் போடும்போது இரண்டு பேரும் அலறுவார்கள், அதற்கும் டப்பாவில் பொரி மிச்சம் வைத்திருங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது அந்தப் பாதம் வரைந்த தாளை வரவழைப்பது. டிசம்பருக்குள் பாதமும் வளர்ந்திருக்கும், அரை இஞ்ச் கூட்டி வாங்குங்கள்.